கிளைவிடாத கோடு

"இது என்னங்க்கா, துணி காயப்போடற கொடியா?"

"முதல்ல குரலக் கேளு ரூபன்."

"குரல் கெடக்கட்டும். மரம் எங்க போச்சு? இருபத்தஞ்சு நிமிஷம் கேமராவ ஆடாமப் பிடிச்சு நான் எடுத்தது ஒரு..."

"கேளுன்னு சொல்றேன்ல."

"...ஒரு மரம். அத்தன பேரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க. அதப் போயி இப்படி மொட்டையடிச்சு வெச்சிருக்கீங்க."

செம்மலர் ஒலியைக் கூட்டினாள்.

கோவையில் ஒரு பாலிடெக்னிக்கின் அரங்கம். கணினி ஓவியர் கூடலின் இரண்டாம் நாள். மேடைக்குப் பின்னால் இருந்த மேக்கப் அறையில் ஆளுக்கொரு கணினியைப் போட்டுக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். படம் பிடிப்பது ரூபன். குரல் பிடிப்பதும் வெட்டி ஒட்டுவதும் செம்மலர்.

பன்னிரண்டு பேச்சில் பதினொன்றை இணையத்தில் ஏற்றியாகிவிட்டது. ஆறு மணிக்குள் மிச்சம் ஒன்றையும் ஏற்றிவிட வேண்டும்.

அது தமயந்தியின் பேச்சு.

தமயந்திக்குத் திக்கும்.

அந்தத் திக்கலை வைத்தேதான் அவள் வரைந்தாள். அவள் எழுதிய நிரல், அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பேச்சு ஓடும்வரை திரையில் கோடும் நேராக ஓடும். சொல் தொண்டையில் சிக்கினால் அந்த இடத்தில் கோடு கிளைவிடும். எவ்வளவு நேரம் சிக்குகிறதோ அவ்வளவு நீளம்.

நேற்று அவள் பேசி முடித்தபோது திரை கொள்ளாமல் ஒரு மரம் நின்றது.

"திக்கறதப் பூரா வெட்டிப்போட்டீங்க," என்றான் ரூபன்.

"ஆமா."

"வெட்டுன குரல மறுபடி அந்தப் புள்ள நிரலுக்கே குடுத்திருக்கீங்க."

"படமும் குரலும் ஒட்டணுமில்ல? கிளை தவ்வித் தவ்வி வந்தா நல்லாவா இருக்கும்?"

"இப்ப நல்லா இருக்குது. ஸ்கேல் வெச்சுப் போட்டாப்ல."

செம்மலருக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அவளுக்கும்தான் ஒன்றும் பிடிபடவில்லை.

நேற்று மேடை ஏறுமுன் தமயந்தியின் குர்த்தா கழுத்தில் மைக்கைக் குத்திக்கொண்டிருந்தாள். தமயந்தி வாயைத் திறக்கவில்லை. கைப்பேசியில் தட்டி, முகத்துக்கு நேராக நீட்டினாள்.

திக்குவதை எடுத்துவிடுங்கள் அக்கா. ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கும் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறேன். இந்த வீடியோவைத்தான் பார்ப்பார்கள்.

செம்மலர் சரியென்று தலையாட்டிவிட்டாள். அங்கே மேடையில் என்ன முளைக்கப்போகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

தமயந்திக்குத் தெரியும். திக்கலை எடுத்தால் என்ன மிஞ்சும் என்று அந்த நிரலை எழுதியவளுக்குத் தெரியாதா?

தெரிந்தும் கேட்டாள்.

அப்படியென்றால் எதைக் கேட்டாள்?

காலையிலிருந்து இதே ரோதனை. வெட்டினாள். எடுத்து ஒட்டினாள். மறுபடி வெட்டினாள். தமயந்தி கேட்டதை இப்போது ரூபனிடமும் சொன்னாள்.

"திக்கற எடத்துல குரல மட்டும் அமுக்கிட்டு மரத்த விட்டுருங்களேன்."

"விட்டுப் பாத்தேன். கிளை அது பாட்டுக்கு முளைக்குது. எதுக்கு முளைக்குதுன்னு பாக்கறவனுக்குத் தெரியாது."

"இந்த ஒத்தக் கோட்டப் பாத்தா வேல குடுப்பாங்க? மரத்தப் பாத்தாத்தான் குடுப்பாங்க."

"மரத்த எங்க பாப்பாங்க? எத்தன தடவ திக்குதுன்னு எண்ணிட்டு உக்காந்திருப்பாங்க."

ரூபன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான்.

"வாக்குக் குடுத்தது நீங்க. நான் குடுக்கலையே. அந்தப் புள்ளையவே கூப்புட்டுக் கேளுங்க."

கூப்பிட்டார்கள்.

தமயந்தி கேன்டீனிலிருந்து வந்தாள். கையில் பாதி குடித்த டீ.

செம்மலர் வெட்டியதை ஓட்டினாள்.

வணக்கம். என் பேர் தமயந்தி.

ஒரே மூச்சு. கோடு நேராகப் போயிற்று.

தமயந்தி கை காட்டி நிறுத்தினாள். விரலைச் சுழற்றினாள். மறுபடி.

வணக்கம். என் பேர் தமயந்தி.

மறுபடி.

கோட்டை அவள் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அந்தக் குரலோடு கூடவே அசைந்தது.

ரூபனுக்குப் பொறுக்கவில்லை. தன் கணினியில் வெட்டாத முழுசையும் ஓட்டிவிட்டான்.

அதே பெயர். முதல் எழுத்திலேயே நின்றது. பதினோரு நொடி. யாரோ இருமினார்கள். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. கோட்டிலிருந்து கிளை ஒன்று கிளம்பி, வளைந்து, ஏறி, திரையின் மேல் விளிம்பைத் தொட்டது.

தமயந்தி கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள்.

சிரித்தாள். பெருமையா, கூச்சமா, செம்மலரால் சொல்ல முடியவில்லை.

மணி ஐந்து நாற்பது.

"எத ஏத்தட்டும் கண்ணு?"

தமயந்தி இந்தத் திரையைப் பார்த்தாள். அந்தத் திரையைப் பார்த்தாள். டீயை மேசையில் வைத்தாள். வாயைத் திறந்தாள்.

சொல் வரவில்லை.

ரூபன் எடுத்துக் கொடுக்கப் போனான். செம்மலர் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

காத்திருந்தார்கள்.

"தி... திங்கக்கிழமை அந்தக் காலேஜ்ல நேர்ல வ... வகுப்பு எடுத்துக் காட்டோணுமாங்க்கா," என்றாள் தமயந்தி. "அன்னைக்கும் நீங்க வ... வருவீங்களா?"