நிறம் மாறும் முறை

புதுத் தொட்டியில் ஒரு தங்கமீன் தூக்கத்தில் நடப்பதுபோல மிதந்துகொண்டிருந்தது. தொட்டி வாங்கிய குமரேசன், தண்ணீரில் நஞ்சு இருந்தால் சிவக்கும் காகிதத்தை முக்கி எடுத்தார். அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“லேசான சிவப்புதான்.”

“முடிந்த மட்டும் சிவந்துவிட்டேன்,” என்றது காகிதம், குப்பைக்கூடையிலிருந்து.

“உனக்கு அவசரம். பொறுமையாகச் சொன்னால் கேட்பார்,” என்றது பக்கத்திலிருந்த சோதனை மருந்துப் புட்டி.

மறுநாள் சிறு குப்பியில் எடுத்த தொட்டித் தண்ணீர், அதன் சொட்டுகள் விழுந்ததும் ஐந்து நிமிடத்தில் மெல்ல மெல்லக் கருஞ்சிவப்பாகியது.

“பழைய மருந்து போல. நாளைக்கு வேற நல்ல டெஸ்ட் கிட்டா வாங்கணும்,” என்றார் குமரேசன்.

கண்ணாடியில் தெரிந்த தன் பொன்னிறத்தை மீன் கொஞ்ச நேரம் பார்த்தது.

“அடுத்து நிறம் மாற வேண்டியது நான்தான்,” என்றது.