கொடுத்த கோபம்

கதை எழுதிச் சுவர்த்திரையில் ஓட்டும் கம்பெனியிலிருந்து வந்த பெண் என் கோபத்தைக் கேட்டாள். "எங்க கதையில வீரபத்திரன் பொம்மை மாதிரி நிக்கிறாண்ணே. நிஜமான ஒருத்தரோட கோவம் ஏறினாத்தான் ஆளா எழுந்து நடப்பான்."

என் மனைவி பூங்காவனம் முந்திக்கொண்டாள். "எடுத்துட்டுப் போ தாயி. இதால எந்த மேஸ்திரிகிட்டயும் இந்த ஆளு நெலைக்கல."

நெற்றியில் பட்டை கட்டி எடுத்தார்கள். வலிக்கவில்லை.

இன்று பூங்காவனம் வேலைக்கு நேரம் கழித்து வந்தாள் என்று, செங்கல் சுமக்க அவள் சுற்றிவைத்திருந்த சும்மாட்டை மேஸ்திரி காலால் எத்தினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அதை எடுத்து, மண்ணைத் தட்டி, அவள் தலையில் வைத்தேன்.

சாயங்காலம் நாங்கள் தங்கும் கொட்டகைச் சுவரில் கதை ஓடியது. எவனோ வீரபத்திரனின் பெண்டாட்டியைத் திட்டினான். வீரபத்திரன் தலைத்துண்டை அவிழ்த்து, உதறி, இடுப்பில் இறுக்கிக் கட்டினான். முன்பெல்லாம் கோபம் வந்தால் நான் அப்படித்தான் கட்டுவேன்.

"விடாதய்யா, கேளு!" என்று பூங்காவனம் சுவரைப் பார்த்துக் கத்தினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டாள்.

"ஊறுகா வைக்கட்டுங்களா?" விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"இருந்தா வையி" என்றேன்.