இரண்டாவது டிஸ்க்

"ஐயோ, அந்தப் பட்டன்ல கை வைக்காதீங்க!"

மனைவி போட்ட சத்தத்தில் கணவன் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். சாப்பாட்டு மேசைமேல் பழைய கம்ப்யூட்டர், பக்கத்துத் தகடு கழன்று, வயிறு தெரியக் கிடந்தது.

"இப்போ என்ன ஆயிடுச்சு? கரகரன்னு கத்திட்டிருந்த முதல் டிஸ்க் செத்துப்போச்சு, கழட்டிட்டேன். மீதி ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?"

"மாமா பதிஞ்ச கேசட்டெல்லாம் எதுல இருக்கு?"

"மூணாவதுல."

"இப்போ அது மூணாவதா?"

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். மீதி இருந்தவை இரண்டுதான்.

அந்தக் காலத்தில் அவனுடைய அப்பாவிடம் ஒரு டேப்ரெக்கார்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மகன்கள் இருவரையும் எதிரில் உட்கார வைத்து, ஏதாவது பேசச் சொல்லிப் பதிவார். கேசட்டுகள் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போய்விட்டன. போவதற்கு முன் இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்ததுதான் மிச்சம். வேறெங்கும் பிரதி கிடையாது. அப்பாவும் இப்போது இல்லை. "ஒரு தரம் அந்த மனுஷன் குரலைக் கேட்டுட்டாப் போதும்டா" என்று அம்மா சில நாளாகவே நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

மனைவிக்கு அலுவலகத்தில் இதுபோன்ற இயந்திரங்களைக் கட்டி மேய்க்கிற வேலை. தன் பென் டிரைவைச் செருகி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பினாள். திரையில் எழுத்துகள் ஓடி நின்றன. ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"பாருங்க. ரெண்டாவது டிஸ்க்தான் ஸ்வாப்புன்னு எழுதி வெச்சிருக்கு. மெமரி பத்தலேன்னா மெஷின் கிறுக்கிக்கற சிலேட்டு அது. ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் சுத்தமா அழிச்சிட்டுத்தான் ஆரம்பிக்கும்."

"அழிக்கட்டுமே. சிலேட்டுதானே?"

"இதுக்கு ஆளைத் தெரியாதுங்க, வரிசைதான் தெரியும். நீங்க முதலாவதைக் கழட்டினதும் சிலேட்டு முதலாவதாயிடுச்சு. மாமா ரெண்டாவதாயிட்டார்."

"அப்போ நான் பட்டனை அமுக்கியிருந்தா?"

"மாமாவைத் துடைச்சுட்டு அதுமேல கணக்குப் போட்டிருக்கும்."

அவன் மேசையை விட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டான்.

"இதை இப்படி எழுதி வெச்ச மகானுபாவன் யாரு?" என்றாள்.

"உனக்குத் தெரியாதா? என்கூடப் பொறந்தவன்தான். எதைக் கண்டாலும் வரிசை நம்பர் போட்டாகணும் அவனுக்கு. வாசல்ல கிடக்கிற செருப்புக்குக்கூடப் போடுவான்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஏனோ சீக்கிரமே அடங்கிவிட்டது.

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பெரியவனே!"

"இதோ வரேம்மா!"

கதவருகே ஒரு கணம் நின்று, இரண்டு தரம் தொண்டையைச் செருமி, குரலைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போனான். அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. எதிரில் நிற்பவர் நிழலாகத்தான் தெரிவார்.

"இன்னிக்காவது பேசுவாராடா உங்கப்பா?"

"உன் மருமக பேச வெச்சிடுவாம்மா."

"ஆமா, கட்டின நாளா நான் கேட்டதுக்கு வாயைத் திறக்காத மனுஷன், அவ கேட்டதும் கொட்டிடப் போறார்!"

அவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தபோது மனைவி மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு டிஸ்க்குக்குள்ளயும் அதுக்கே அதுக்குன்னு ஒரு நீள நம்பர் இருக்கு. இனிமே அந்த நம்பரைச் சொல்லித்தான் மெஷின் கூப்பிடும். எந்த வரிசையில எழுந்தாலும் அது அதுதான். இல்லேன்னா முன்னாடி நின்னவர் போனதும் அடுத்தவர் அவர் பேருக்கு எழுந்து நின்னு..."

பாதியில் நிறுத்தி அவனைப் பார்த்தாள். அவன் குனிந்து, கீழே விழாத ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தான்.

"சரி, இப்போ அமுக்குங்க," என்றாள் மெதுவாக.

"வேண்டாம். நீயே அமுக்கு."

அமுக்கினாள். கம்ப்யூட்டர் முனகி, யோசித்து, ஒருவழியாக எழுந்து நின்றது. கேசட்டுகள் ஒன்று குறையாமல் திரையில் வந்து நின்றதும் அவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

ஸ்பீக்கரை அம்மாவின் தலைமாட்டில் வைத்தார்கள். முதலில் 'உஸ்' என்ற இரைச்சல். பின்னால் எங்கோ குக்கர் விசில். அப்புறம் அப்பா.

"எங்கே, முதல்ல பெரியவன் பேசட்டும்."

ஒரு சிறுவன் இரண்டு தரம் தொண்டையைச் செருமினான். "வணக்கம். இப்போது செய்திகள்..."

செய்தி தொடங்குவதற்குள் இன்னொரு சிறுவனின் அழுகை வெடித்தது. "எப்பவும் அவனேதானா? என்னையும் கூப்பிடுப்பா! என் பேரைச் சொல்லிக் கூப்பிடு!"

"இருடா, இருடா. உன் முறையும் வரும்."

அம்மா சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கவே கண்ணிலிருந்து வழிந்தது. அவன் அருகில் உட்கார்ந்து அவள் கன்னத்தைத் துடைத்தான். மறுபடி இரண்டு தரம் செருமிக்கொண்டான்.

"அழாதேம்மா. அதான் பெரியவன் நான் பக்கத்துல இருக்கேனே."

அம்மா அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்டா சின்னவனே, செருமிச் செருமித் தொண்டை புண்ணாயிடப் போகுது," என்றாள். "உங்கண்ணன் கண்ணை மூடினது பெத்தவளுக்கு மறக்குமா? காய்ச்சல்ல என்னையறியாம ஒருநாள் அவனைக் கூப்பிட்டேன், நீ அவனாவே ஓடி வந்து நின்னே. உன் மனசு நோகக்கூடாதேன்னுதான் இத்தனை நாளும் அவன் பேரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டுட்டிருக்கேன்."