நடுத்தையல்

நைலக்ஸ் புடவை வந்ததிலிருந்து கடலூரின் பழைய நூல் புடவையெல்லாம் ரஹ்மத் பீவி வீட்டில்தான் வந்து குவிந்தது. அவற்றை அடுக்கிப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு மெத்தை தைத்துத் தருவாள். மகள் ஜெய்னபுக்கு இது நிறைமாதம். அந்தப் பேரப்பிள்ளைக்குத் தைக்கத்தான் கை ஒழியவில்லை.

கடைசியில் தன் புடவைகளை மூட்டை கட்டிக் கணவர் சேக் பரீதிடம் கொடுத்தாள்.

"சிதம்பரத்துல ஷரீபான்னு ஒருத்தி தைக்கிறாளாம். அவகிட்ட குடுத்துத் தெச்சு வாங்கிட்டு வாங்க. ஊருக்கெல்லாம் நான் தைக்கிறேன், என் பேரப்புள்ளைக்கு அடுத்தவ தைக்கணும். என் நசீபு."

மறுவாரம் பக்கத்து வீட்டுச் சௌந்தரம் ஒரு மெத்தையோடு வந்தாள். மேலே ரோஜா நிறத்தில் புதுத் துணி போட்டு, நாலு ஓரமும் மூடித் தைத்திருந்தது.

"உள்ள அடுக்கு நழுவாம நடுத்தையல் மட்டும் போட்டுக் குடுங்கக்கா. எங்க ஒறவுக்காரி குடுத்து வுட்டா. நாளைக்கே வேணுமாம்."

"எவளோ பாதியில வுட்டதுக்கு நானா கெடச்சேன்?"

முணுமுணுத்துக்கொண்டே ஊசியை எடுத்தாள். ஒவ்வொரு தையலையும் விரல் நீளத்துக்கு இழுத்துவிட்டாள். எவள் வீட்டுப் பிள்ளையோ படுக்கப்போகிறது.

இரண்டு நாள் கழித்துச் சேக் பரீது சிதம்பரத்திலிருந்து பொட்டலத்தோடு வந்தார்.

"ஷரீபாவுக்கும் வேல ஜாஸ்தியாம். ஓரத்த மட்டும் தெச்சுட்டு, நடுத்தையலுக்குப் பக்கத்து வீட்டுக்காரி மூலமா நம்மூர்ல யாருக்கோ அனுப்பி முடிச்சாளாம். ரொம்பப் பொடியாத் தைக்கிற கையாம். பிரிச்சுப் பாரு."

ரஹ்மத் பீவி பிரித்தாள். ரோஜா நிறத் துணி முழுக்க விரல் நீளத் தையல்கள் பல்லிளித்தன.