பதினான்கு எச்சரிக்கைகள்

"சேர், என்ட மெஷினை ஆரோ தொட்டிருக்காங்க!"

றபீக்காவின் குரல் உடைந்தது. பரீட்சைக்கென்று அவள் எழுதி, நேற்று மாலை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடிய பெயர்ப்பட்டியல் புரோகிராம். இன்று அதையே ஓட்டினால் திரையில் பதினான்கு எச்சரிக்கைகள். எல்லாம் எழுத்துகளைப் படியெடுக்கவும் ஒட்டவும் தேடவும் உதவும் strcpy, strcat, strchr கட்டளைகள் வருகிற வரிகளில். சி கணினிமொழிப் பாடத்தில் முதல் மாதமே படித்தவை. அதில் என்ன பிழை வரப்போகிறது?

இன்னும் ஒரு மணித்தியாலத்தில் பரீட்சை. கல்முனையில் இப்றாஹிம் சேர் நடத்தும் கொம்பியூட்டர் வகுப்புக்கு ஓர் உதவி ஆசிரியர் வேண்டும். போட்டியில் அவளும் திருக்கோவில் தனஞ்சயனும்தான். வாப்பா படுத்த படுக்கையான பிறகு, வீட்டில் எல்லோரும் இந்த வேலையைத்தான் நம்பியிருந்தார்கள்.

சேர் வந்து குனிந்து பார்த்தார்.

"எச்சரிக்கை காட்டாம வெச்சிருந்த மெஷின் இது. ஆரோ காட்டுற மாதிரி மாத்தியிருக்காங்க."

அடுத்த மேசையில் தனஞ்சயன் எழுந்து நின்றான். "நான்தான், சேர்."

"என்னத்துக்கு?"

"சும்மா... விளையாட்டா, பகிடிக்கு."

"பகிடியா? ஒராளுக்கு ஒராள் உதவினா ரெண்டு பேரும் வெளிய எண்டு நேத்தே சொன்னன். குழப்பினா என்ன செய்ற எண்டு சொல்லல்ல. அதுக்குத் தேவை வரும் எண்டு நான் நினைக்கல்ல. போங்க தம்பி, வீட்ட போங்க."

"ஏலுமெண்டா போட்டி போடோணும்," என்றாள் றபீக்கா, அவனுக்குக் கேட்கும்படி. "இந்த நரி வேலை என்னத்துக்கு?"

அவன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

கண்ணைத் துடைத்துவிட்டு, முதல் எச்சரிக்கையைச் சொல் சொல்லாக வாசித்தாள். strcpy யார் என்று தனக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லை என்றது மெஷின். புத்தகத்தைப் புரட்டினாள். புரோகிராமின் தலைப்பில் string.h என்று ஒரு வரி எழுத விட்டுப்போயிருந்தது. எழுதினாள். பதினான்கும் போய்விட்டன.

பரீட்சைக்கு சேர் ஒரு டிஸ்க்கைப் போட்டார். அதில் மாவடிப்பள்ளி விவசாயிகள் ஆயிரத்து இருநூறு பேரின் பெயர்கள். அவள் பத்துப் பெயரை வைத்துத்தான் ஓட்டிப் பார்த்திருந்தாள். பெயர்கள் திரையில் ஏறிக்கொண்டே போய், கடைசிப் பெயரில் ஒழுங்காக நின்றன.

"நல்ல காலம் அந்த வரியைச் சேர்த்தீங்க," என்றார் சேர். "அது இல்லாட்டியும் பத்துப் பேருக்கு ஓடும். இவ்வளவு பேருக்குப் பெரிய மெமரியில ஓட்டக்குள்ள மெஷின் அப்படியே செத்துப்போகும். வேலை உங்களுக்குத்தான் புள்ள."

"அல்ஹம்து..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு படிகளில் ஓடினாள்.

அக்கரைப்பற்று பஸ் புறப்பட நின்றது. ஜன்னலோரம் தனஞ்சயன்.

"என்ட பிழை உங்களுக்கு முந்தியே தெரியும், என்ன?"

"ஓம். நேத்துக் கண்டன்."

"யா அல்லாஹ்! எவ்வளவு பெரிய உதவி செஞ்சிருக்கீங்க! நான் நரி எண்டு ஏசினன். இறங்குங்க, இப்பவே சேரிட்டப் போய்ச் சொல்றன்."

"ஐயோ, சொல்லிராதீங்க!" பஸ் நகரத் தொடங்க, அவன் தலையை வெளியே நீட்டினான். "உதவி எண்டா ரெண்டு பேரும் வெளிய. பகிடி எண்டதாலதான் நான் மட்டும்."