தூணின் தம்பி

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொல்கிறேன்.

ஒரு ஆற்றில் பெரிய ரோட்டுப் பாலம் கட்டினார்கள். தூணுக்குக் கான்கிரீட் கொட்டும்போது அதே கலவையில் கொஞ்சம் எடுத்து, இரும்பு அச்சில் சின்னக் கட்டி ஒன்றும் வார்த்தார்கள். இறுகியதும் கட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டார்கள்.

தூண் கேலி பேசியது. “தம்பி, என் தலைமேல ரோடே போகப் போகுது. நீ என்னத்தச் சுமப்ப? சொகமாக் குளிச்சுக்கிட்டுக் கெட.”

“என்னைய மெஷின்ல வச்சு நசுக்கிப் பாப்பாங்களாம் அண்ணே. நான் சீக்கிரம் நொறுங்கிட்டா, நீயும் சரியில்லன்னு உன்ன இடிச்சுப்புடுவாங்களாம். கலக்கும்போது தண்ணி கூடிப்போச்சுன்னு மேஸ்திரி வேற சத்தம் போட்டாரே.”

தூணுக்குக் குரல் இறங்கிவிட்டது. “எங்க ராசால்ல, பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாங்கிருடா.”

கட்டியை எடுத்துப்போய் மெஷினில் வைத்தார்கள். தாங்கவேண்டிய பாரத்தைத் தாங்கிய பிறகுதான் அது நொறுங்கியது. தூணை யாரும் இடிக்கவில்லை. நொறுங்கிய துண்டுகளைக் கொண்டுவந்து தூணுக்குக் கீழேயே கொட்டினார்கள்.

பாலம் முடிந்தது. “காலடியில கெடக்கறது யாரு, உன் சாயலா இருக்கே?” என்று ஆறு கேட்டது.

தூண் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “யாரோ எவரோ. நான் ஒத்தப் பிள்ளை.”

அந்த நேரம் முதல் லாரி பாலத்தில் ஏறியது. கீழே கிடந்த துண்டுகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அண்ணனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று… இதோ வரேன் அத்தை, கீரை உருவியாச்சு!