நீலக்கல் மோதிரம்

"அசல் நீலக்கல். கடைக்காரர் சத்தியம் பண்ணிக் கொடுத்தார். என்னைக் கட்டிக்கிறியா?" என்று காதலியிடம் மோதிரத்தை நீட்டினான் அவன்.

அவள் மோதிரத்தை வாங்கினாள். கல்லை உற்றுப் பார்த்தாள். பிறகு நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கினாள்.

நீலம் ஊதாவாக மாறியது. அவன் பதறி மோதிரத்துக்குக் கை நீட்டினான்.

"சாயம் பூசின கல்லா? படுபாவி, என் தலையில மிளகாய் அரைச்சிட்டானே! மன்னிச்சிடு, திருப்பிக் கொடுத்துடறேன்..."

"கொடுத்தே, கொன்னுடுவேன்!" அவள் துள்ளிக் குதித்தாள். "இது கோவெலைட்! செம்பும் கந்தகமும் சேர்ந்தது. நனைஞ்சா ஊதாவாயிடும். இத்தனை வருஷமா கல்லோட மாரடிக்கிறேன், இவ்வளவு அழகான துண்டு என் கண்ணுல பட்டதே இல்ல! நீலக்கல் யாருக்குடா வேணும்? கல்யாணம் எப்போ?" என்றாள், செம்புச் சுரங்கத்தின் அந்தக் கனிம ஆய்வாளர்.

கடைக்காரனின் சட்டையைப் பிடிக்க இருந்தவன், முதல் கல்யாணப் பத்திரிகையை அவனுக்கே கொண்டுபோய் வைத்தான்.